ஸ்பிளெண்டரில் பிஸ்டன் பின் லாக் தெறித்துவிட்டது: கிராங்க் கேஸுக்குள் போயிருக்குமா?

தென்காசி_97சிசி:

வண்டி ஸ்பிளெண்டர் பிளஸ், கார்புரேட்டர் மாடல், 97.2 சிசி. ஆயில் குறைந்து வெள்ளைப் புகை வந்ததால் போர் கிட் (போர், அதாவது பிஸ்டன் ஓடும் உருளை உள்ள பிளாக், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட்) மாற்றும் வேலை நடக்கிறது. ஹெட்டும் பிளாக்கும் கழற்றியாயிற்று, இன்ஜின் ஃபிரேமிலேயே இருக்கிறது. புதுப் பிஸ்டனை கனெக்டிங் ராடில் ஏற்றி, இரண்டையும் இணைக்கும் பிஸ்டன் பின் உள்ளே போய், அது நகராமல் பிடிக்கும் கம்பி வளையமான லாக் வலது பக்கத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. இடது பக்க லாக்கை நோஸ் பிளேயரால் அழுத்தும்போது தெறித்துக் காணாமல் போய்விட்டது.

கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்திருக்கிறது. ஆனால் டைமிங் செயின் வெளியே வரும் இடது ஓரத்தைத் துணி முழுதாக மூடவில்லை. தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதன் பிறகு கிராங்கைச் சுற்றவில்லை.

உள்ளே போனதா வெளியே போனதா என்று இன்ஜினைப் பிரிக்காமல் உறுதி செய்ய வழி உண்டா? உள்ளே இருந்தாலும் ஆயில் ஸ்ட்ரெய்னர் (சல்லடை) பிடித்துக்கொள்ளும் என்று சொல்கிறார்களே, அதை நம்பலாமா?


ஸ்பேனர்_17:

கிராங்கைச் சுற்றவில்லை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். இனியும் சுற்ற வேண்டாம். கிக்கரைத் தொடாதீர்கள், கியர் போட்டு வண்டியைத் தள்ளாதீர்கள். பிஸ்டன் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். லாக் உள்ளே போயிருந்தாலும், முதலில் விழுந்த இடத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் கிடக்கும். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் தேட வேண்டிய இடம் மூன்று மடங்காகிவிடும்.

அடுத்து, அந்தத் துணியை இழுத்து எடுக்காதீர்கள். லாக் துணியின் மடிப்பில் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இழுத்தால் அது ஓரத்தில் உருண்டு உள்ளே விழும். ஒரு பென் மேக்னெட்டைத் துணியின் மேல் எல்லா இடத்திலும் மெதுவாகத் தடவுங்கள். பிறகு துணியின் ஓரங்களை நடுவை நோக்கி மடித்து, பொட்டலம் போலச் சேர்த்து வெளியே எடுங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் விரித்துப் பாருங்கள்.

தரையில் தேடும் முன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பழைய பிஸ்டனில் இரண்டு லாக், கிட்டில் வந்தது இரண்டு, மொத்தம் நான்கு. பழைய இரண்டும் கையில் இருக்கிறதா? சில கிட்டுகளில் லாக் தனி கவரில் வரும், சிலவற்றில் பின்னோடு ஒட்டியிருக்கும். காணாமல் போனது புதியதா பழையதா என்றே குழம்பி, இல்லாத ஒன்றைத் தேடுகிற நிலை வரக்கூடாது. பழைய லாக்கை வளையாமல் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.

இந்த இன்ஜினைப் பற்றி உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ஸ்பிளெண்டரில் சிலிண்டர் ஏறத்தாழ படுத்த நிலையில் முன்னோக்கி இருக்கிறது. பிளாக் கழன்ற பிறகு கிராங்க் கேஸ் வாய் முன் சக்கரத்தைப் பார்த்துத் திறந்திருக்கும், வானத்தைப் பார்த்து இல்லை. பிஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்து நழுவும் சாமான் நேராகத் தரைக்குத்தான் விழும். உள்ளே போக வேண்டுமென்றால் பின்னோக்கித் தெறித்திருக்க வேண்டும். ஸ்பிரிங் கம்பி என்பதால் அதுவும் நடக்கக்கூடியதே. ஆனாலும் வெளியே விழுந்திருக்கும் வாய்ப்புதான் அதிகம், ஆகவே வெளியே தேடுவதில் சோம்பல் படாதீர்கள்.

டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கம்பி ஒரு மில்லி தடிமன்தான் இருக்கும். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் கண்ணில் படாது, பக்கவாட்டில் அடித்தால் நிழல் நீளமாக விழுந்து காட்டிக்கொடுக்கும். பிறகு நான்கைந்து மீட்டர் சுற்றளவுக்குப் பெருக்கி, குப்பையை ஒரே குவியலாக்குங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, குவியலின் மேல் ஓட்டுங்கள். கவரை உள்வெளியாகத் திருப்பினால் ஒட்டியதெல்லாம் அதற்குள்ளேயே விழும். சைலன்சர் வளைவின் மேல்புறம், ஃபிரேம் குழாய்கள் சேரும் மூலை, மவுண்டிங் பிளேட்டுகளின் இடுக்கு, லெக் கார்டு, முன் மட்கார்டின் உட்புறம், சட்டைப் பை, செருப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பிஸ்டனின் உட்பக்கமும் ராடின் சிறிய முனைக்கும் பிஸ்டன் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள். அங்கே ஒரு துளி ஆயில் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் லாக் அசையாமல் இருக்கும்.


ஹைவே_97:

இதற்கெல்லாம் இவ்வளவு பயப்பட வேண்டாம் நண்பரே. புது லாக் வாங்கிப் போட்டு மூடுங்கள். உள்ளே விழுந்தாலும் ஆயிலோடு போய் அடியில் உட்கார்ந்துவிடும், கனமான சாமான் மேலே எழும்பாது. காந்தம் வைத்த டிரெயின் போல்ட் ஒன்று போட்டால் ஆயில் மாற்றும்போது அதில் ஒட்டி வந்துவிடும். ஒரு லாக்குக்காக ஃபுல் இன்ஜின் பிரிப்பது தேவையில்லாத செலவு.


ஆயில்_சீல்:

ஹைவே அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். இந்த யோசனையைப் படித்துவிட்டு வேறு யாராவது செய்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பிளெண்டரில் கிராங்க் அறைக்கும் கியர் அறைக்கும் நடுவே முழுச் சுவர் கிடையாது. இரண்டுக்கும் ஒரே ஆயில், போய்வர வழி உண்டு. வண்டி முன்னே போகும் திசையிலேயே கிராங்கும் சுற்றுகிறது. அப்படியானால் கிராங்க் வெப்பின் (ராடின் இரு பக்கமும் சுற்றும் கனத்த எஃகு வட்டு) அடிப்பக்கம் பின்னோக்கி நகர்கிறது. அடியில் கிடக்கும் லாக்கை அது பின்னால், கியரை நோக்கித்தான் தள்ளும். அடியில் அமைதியாக உட்கார விடாது. உள்ளே ஆயிலும் தேங்கி நிற்பதில்லை. வெப்பும் கியர் பற்களும் அதைச் சதா வாரி இறைத்துக்கொண்டே இருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஆயில் முன்னும் பின்னும் புரளும். ஒரு கிராம்கூட எடை இல்லாத கம்பி அதோடு சேர்ந்து போகும்.

போகும் இடங்கள் எவை? வெப்புக்கும் கேஸ் சுவருக்கும் நடுவே போனால் அலுமினியத்தை உழும், அந்தத் துகள் பேரிங்குக்குப் போகும். கியர் பற்களுக்கு நடுவே போனால் லாக் நசுங்கினால் அதிர்ஷ்டம், பல் உடைந்தால் கியர்பாக்ஸ் இறுகும். ஓடும்போது கியர்பாக்ஸ் இறுகினால் பின் சக்கரம் அப்படியே நிற்கும். கிளட்ச் பிடித்தாலும் அந்த நேரத்தில் பயன் இருக்காது, ஏனென்றால் பூட்டு விழுந்தது கிளட்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில். 60 கிலோமீட்டர் வேகத்தில் இது நடந்தால் பேச்சு இன்ஜினைப் பற்றி இருக்காது. டைமிங் செயினுக்கும் கிராங்கின் சின்னப் பல்சக்கரத்துக்கும் நடுவே மாட்டினால் செயின் பல் தாண்டும், டைமிங் மாறும், வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

ஸ்ட்ரெய்னர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வலது பக்கத்தில் கேஸின் அடியில் செருகியிருக்கும் சல்லடை. அதன் வேலை ஆயில் பம்புக்குள் குப்பை போகாமல் தடுப்பது. பம்பை அது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் கிராங்க், கியர், செயின் மூன்றும் ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் இருப்பவை. அவற்றை அது காப்பாற்ற முடியாது. கிராங்க் முனையில் உள்ள சென்ட்ரிஃப்யூகல் ஃபில்டர் பம்ப் அனுப்பும் ஆயிலில் இருக்கும் பொடியைப் பிடிப்பது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

காந்த டிரெயின் போல்ட் நல்ல சாமான்தான். பக்கத்தில் வரும் இரும்புப் பொடியை இழுத்து வைக்கும். ஐந்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு விளிம்பில் மாட்டியிருக்கும் லாக்கை அதனால் இழுக்க முடியாது.


தென்காசி_97சிசி:

இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தாயிற்று. பழைய லாக் இரண்டும் இருக்கிறது, புதியதில் ஒன்று பிஸ்டனில், ஒன்றைக் காணோம். துணியில் இல்லை. தரை, ஃபிரேம், பிஸ்டன் உட்புறம் எல்லாம் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. டிரெயின் போல்ட்டைக் கழற்றி அரை லிட்டர் டீசல் ஊற்றி அலசினால் வந்துவிடுமா? வராவிட்டால் உள்ளே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?


போர்ஸ்கோப்_கோவை:

டீசல் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, ஊற்றும் வேகத்தில் லாக் இடம் மாறும். இப்போது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடப்பது கியருக்கு அடியில் போய்விடலாம். இரண்டாவது காரணம் முக்கியமானது. டிரெயின் போல்ட் 12 மில்லி திரெட். உங்கள் பிஸ்டன் பின் 13 மில்லி. பின் துளையின் பள்ளத்தில் உட்காரும் லாக், தளர்ந்த நிலையில் அதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். டிரெயின் ஓட்டை வழியாக அது படுத்த வாக்கில் வரவே வராது. செங்குத்தாகத் திரும்பி, வாய்ப்பகுதி முதலில் நுழைந்தால்தான் உண்டு. ஆகவே அலசியும் வரவில்லை என்பதால் எதுவும் நிரூபணம் ஆகாது. வால்வு காட்டர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஆப்பு), சின்ன நட்டு, உடைந்த ரிங் துண்டு போன்றவற்றுக்கு அலசல் பயன்படும், முழு லாக்குக்கு நம்ப முடியாது. கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். அதைவிட மோசமாக உள்ளே தள்ளுவது வேறு எதுவும் இல்லை.

கண்ணால் பார்ப்பதுதான் சரியான வழி. போனில் மாட்டும் போர்ஸ்கோப் கேமரா, 5.5 மில்லி தலை உள்ளது போதும். எட்டு மில்லியில் வருவதும் உண்டு, வெப்புக்கும் கேஸுக்கும் நடுவே அது போகாது. முனையில் கண்ணாடி மாட்டும் வசதி இருந்தால் பக்கவாட்டிலும் பார்க்கலாம். கேமராவின் எல்ஈடியை முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ஆயில் படிந்த அலுமினியத்தில் எல்லாமே பளிச்சென்று தெரிந்து, லாக்கும் ஆயில் கோடும் ஒன்று போலத் தோன்றும். பாதி வெளிச்சத்தில் வைத்து, இன்னொரு டார்ச்சை வேறு கோணத்திலிருந்து அடியுங்கள். லென்ஸில் ஆயில் ஒட்டினால் படம் மங்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பஞ்சால் துடையுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது என்றால், நீங்கள் சொன்ன இடது ஓரத்தில்தான் தொடங்குவேன். பிளேயர் இடது பக்கம் இருந்தது, துணி மூடாத இடமும் அதுதான். டைமிங் செயின் ஓடும் அறையின் தரை, பிறகு செயினின் கீழ்ப்பகுதிக்கும் கேஸுக்கும் நடுவே, பிறகு கிராங்கின் சின்னப் பல்சக்கரம். ஸ்பிளெண்டரில் இந்த அறை படுத்த நிலையில் இருப்பதால் விழுந்த சாமான் அதன் தரையில் தங்கும், நேராக அடிவரை உருண்டு போகாது. செயினை இழுத்து ஆட்டாதீர்கள். அது தன் கண்ணிகளில் லாக்கைக் கோர்த்துக்கொண்டு உள்ளே கொண்டுபோகும். அங்கே இல்லை என்று தெளிவான பிறகு கிராங்க் வெப்புகளின் இரு பக்கமும், ராடின் பெரிய முனையும், கடைசியாக அடியும்.

எடுக்கும் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராங்க் கேஸ் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் வெப்பு, ராடு, செயின், கியர் எல்லாம் எஃகு. ஆன்டெனா மேக்னெட்டை உள்ளே விட்டால் போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கூல்டிரிங்க் ஸ்ட்ராவை அதன் மேல் மாட்டி, நுனி மட்டும் இரண்டு மில்லி வெளியே தெரியும்படி விடுங்கள். பக்கவாட்டு ஒட்டல் வெகுவாகக் குறையும். சின்ன நியோடைமியம் காந்தத்தைக் கம்பி முனையில் பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோக வேண்டாம். பசை ஆயிலில் விடும், பிறகு தேட வேண்டியவை இரண்டு. ஓட்டை உள்ள காந்தமாக வாங்கிக் கம்பியை அதில் கோர்த்து முறுக்குங்கள், அல்லது ஹீட் ஷ்ரிங்க் டியூபுக்குள் வைத்துச் சுருக்குங்கள்.

லாக் ஸ்பிரிங் எஃகு, காந்தத்துக்கு வரும். வேறு வேலையில் சாமான் விழுந்தவர்கள் இதைக் கவனியுங்கள்: செம்பு வாஷர், அலுமினிய வாஷர், ரப்பர் ஓ-ரிங், செயின் கைடின் பிளாஸ்டிக் துண்டு எதுவும் காந்தத்துக்கு வராது. சந்தையில் கிடைக்கும் பல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களும் வராது. அவற்றுக்குக் கம்பி முனையில் கெட்டி கிரீஸைத் தடவி ஒட்டி எடுப்பதோ, நான்கு விரல் பிடிப்பான் வைத்து எடுப்பதோதான் வழி.


ஸ்பேனர்_17:

கேமராவில் தெரியாவிட்டால் அடுத்து என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிராங்கைத் திருப்ப வேண்டி வந்தால் பின்னோக்கித் திருப்புங்கள், மேக்னெட் (கரண்ட் தயாரிக்கும் சக்கரம்) இருக்கும் இடது பக்கம் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்றில். வெப்பின் அடிப்பகுதி அப்போது முன்னோக்கி வரும், லாக்கை வாயை நோக்கித் தள்ளும். பிளாக் இல்லாத நிலையில் டைமிங் செயினை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தொங்கவிட்டுத் திருப்பினால் செயின் கீழே சுருண்டு பல்சக்கரத்தில் இறுகும். ஸ்பேனரால் மேக்னெட் நட்டைப் பிடித்து, கால் சுற்று, நிறுத்து, கேமரா, மறுபடி கால் சுற்று. துளி தடை தெரிந்தாலும் அழுத்தக் கூடாது, வந்த வழியே திருப்பிவிட வேண்டும். பிஸ்டன் கேஸ் விளிம்பில் இடிக்காமல் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

அதிலும் இல்லை என்றால் ஆயிலை வடித்து வலது கவரைத் திறங்கள். கிளட்ச், பிரைமரி கியர், கேஸ் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் எல்லாம் தெரியும். ஸ்ட்ரெய்னரை வெளியே இழுக்கும் முன் அதன் மேல் விளிம்பில் காந்தத்தை வையுங்கள். இடது பக்கம் மேக்னெட்டை அதற்குரிய புல்லரால்தான் கழற்ற வேண்டும், சுத்தியல் கூடாது. கழற்றியதும் மேக்னெட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது பலமான காந்தம். பக்கத்தில் விழுந்த லாக், ஸ்க்ரூ, மேக்னெட் கீ எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டு, தேடுகிறவரை மணிக்கணக்கில் அலைய வைக்கும். மாட்டும்போதும் ஒரு முறை பாருங்கள். மேக்னெட்டுக்குப் பின்னால் காயில் மாட்டியிருக்கும் ஸ்டேட்டர் பிளேட்டைக் கழற்றினால் செயின் பல்சக்கரம் முழுதாகத் தெரியும். பிளேட்டின் ஓ-ரிங், சீல் இரண்டையும் புதிதாகப் போட வேண்டி வரும்.

இவ்வளவும் பார்த்தும் இல்லை, வெளியேயும் கிடைக்கவில்லை என்றால், இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கி வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் கேஸை லேசாகத் தட்டியபடி முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளைத் துணி விரித்திருக்கட்டும். கிராங்கைச் சுற்றாத இன்ஜினில் பெரும்பாலும் இதில் வந்துவிடும். அதிலும் வராவிட்டால் கேஸை இரண்டாகப் பிரிப்பதுதான், வேறு பேச்சில்லை. கணக்கில் வராத ஒரு எஃகுத் துண்டோடு இன்ஜினை மூடக் கூடாது. பிரிக்கும்போது இரு கேஸ் நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். அந்த முகத்தில் கீறல் விழுந்தால் எந்த கேஸ்கெட்டும் நிற்காது. கியர் ஷாஃப்ட்டின் மெல்லிய வாஷர்கள் ஆயிலில் கேஸ் சுவரோடு ஒட்டியிருக்கும், எது எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்த பிறகே தொடுங்கள்.


கொங்கு_டூ_ஸ்ட்ரோக்:

மற்ற வண்டிக்காரர்கள் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். மேலே சொன்ன வரிசை படுத்த சிலிண்டருக்கு. யூனிகார்ன், பல்சர் போன்ற நிமிர்ந்த சிலிண்டரில் செயின் அறை கிணறு மாதிரி நேரே கீழே இறங்குகிறது. வாய் மேலே பார்த்திருப்பதால் நழுவிய எதுவும் உள்ளேதான் போகும், வெளியே தேடி நேரத்தை வீணாக்காமல் நேராகக் கேமராவுக்குப் போகலாம். இவற்றில் அதிகம் தொலைவது வால்வு காட்டர். ஒரு வால்வுக்கு இரண்டு பாதி. ஹெட்டை வண்டியில் வைத்துக்கொண்டே ஸ்பிரிங் அமுக்காமல், கழற்றி மேஜைக்குக் கொண்டுபோய் ஒரு தட்டுக்குள் வைத்துச் செய்தால் இந்தப் பிரச்சினையே வராது. 2023-க்கு முந்தைய புல்லட்டில் டைமிங் செயின் இல்லை, வால்வைத் தள்ளுவது புஷ் ராடு என்ற நீளக் கம்பி. மேலே விழுந்தது புஷ் ராடு ஓடும் வழியாக வலது பக்க டைமிங் கவருக்குள் இறங்கும், அந்தக் கவரைத் திறந்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை தனி, இரு பக்கமும் சீல் போட்டு கியர் அறையிலிருந்து பிரித்திருக்கும். ஆகவே லாக் கியருக்குப் போகாது, தேடும் இடமும் சிறியது. ஆனால் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் விளைவு இன்னும் வேகமாக வரும். அடியிலுள்ள பெட்ரோல் கலவை டிரான்ஸ்ஃபர் போர்ட் (கிராங்க் அறையிலிருந்து சிலிண்டருக்குப் போகும் வழி) வழியாக மேலே பாயும்போது லாக்கையும் தூக்கிக்கொண்டு போகும். பிஸ்டன், போர், ஹெட் மூன்றிலும் கோடு விழும். இதில் பிஸ்டன் பின்னைச் சுற்றி நீடில் பேரிங் உண்டு. அதைக் கழற்றும்போது ஊசிகளை எண்ணிக்கொள்ளுங்கள், தேய்ந்த கேஜிலிருந்து ஒன்று கழன்று விழுவது சாதாரணம். டூ ஸ்ட்ரோக் கிராங்க் அறையில் ஆயில் தேங்காது என்பதால் பெட்ரோல் ஊற்றி அலசிக் கவிழ்ப்பது தவறில்லை. திறந்த வெளியில், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.


தென்காசி_97சிசி:

கிடைத்துவிட்டது. கேமராவில் இடது அறையிலேயே தெரிந்தது. செயினின் கீழ் ஓட்டத்துக்கு அடியில், கேஸ் விளிம்பை ஒட்டிப் படுத்திருந்தது. ஸ்ட்ரா மாட்டிய காந்தத்தில் வந்துவிட்டது. செயினை அசைக்காதே என்று சொன்னது பெரிய உதவி, ஒரு விரலில் கால்வாசி தள்ளியிருந்தால் பல்சக்கரம்தான். பழைய லாக்கோடு வைத்துப் பார்த்தேன், நீளம் சரியாக இருக்கிறது, எந்த முனையும் உடையவில்லை.

இதே லாக்கைப் போடலாமா? மறுபடி தெறிக்காமல் மாட்டுவது எப்படி?


ஸ்பேனர்_17:

நல்ல செய்தி தம்பி. அந்த லாக்கைப் போடாதீர்கள். பிளேயரில் ஒரு முறை கோணலாக அமுங்கித் தெறித்த கம்பி விட்டம் சுருங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தில் அதன் பிடி குறையும். ஓடும்போது லாக் வெளியே வந்தால் பிஸ்டன் பின் நகர்ந்து போரைக் கீறி, இப்போது செய்த முழு வேலையும் வீணாகும். கடையில் லாக் தனியாகவே கிடைக்கும், மிகக் குறைந்த விலை. பின் 13 மில்லி என்று சொல்லி இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள்.

மாட்டும் முன் கிராங்க் கேஸ் வாயை ஒரே பெரிய பருத்தித் துணியால், செயின் பக்கமும் சேர்த்து, இறுக்கமாக மூடுங்கள். துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும். காட்டன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் உள்ளே தங்கி ஸ்ட்ரெய்னரை அடைக்கும். செயினைக் கம்பியால் ஃபிரேமில் கட்டிவிடுங்கள். பிறகு பெரிய தெளிவான பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து, அதன் அடியில் கை நுழைய ஓட்டை போட்டு, பிஸ்டனையும் இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தெறித்தாலும் கவருக்குள்தான் விழும்.

லாக்கின் ஒரு முனையை முதலில் பள்ளத்தில் உட்கார வையுங்கள். இடது கட்டைவிரலால் அந்த முனையை அழுத்திப் பிடித்தபடி, மறுமுனையைச் சின்ன ஃபிளாட் ஸ்க்ரூடிரைவரால் சுற்றி உள்ளே தள்ளுங்கள். நோஸ் பிளேயரில் இரு முனையையும் சேர்த்து அமுக்கினால்தான் தெறிக்கிறது. பிளேயர் முனை வழுக்கும் அளவுக்கு கம்பி மெல்லியது. லாக்கில் ஆயில் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

லாக்கின் திறந்த வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். பிஸ்டனில் லாக் கழற்றுவதற்கான வெட்டு ஒன்று இருக்கும், வாய் அதற்கு நேராக வரக்கூடாது. அதோடு, வாய் பிஸ்டன் தலையை நோக்கியோ அதற்கு நேர் எதிராகவோ இருக்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. பிஸ்டன் ஒவ்வொரு முறை நின்று திரும்பும்போதும் அந்த விசை கம்பியின் மேல் விழும். வாய் பக்கவாட்டில் இருந்தால் அது கம்பியைச் சுருக்கிப் பள்ளத்திலிருந்து விடுவிக்கப் பார்க்கும். உட்கார்ந்ததும் ஸ்க்ரூடிரைவரால் லாக்கைப் பள்ளத்துக்குள்ளேயே கொஞ்சம் சுழற்றிப் பாருங்கள், சுற்றிலும் ஒரே மாதிரி வழுக்கினால் முழுதாக உட்கார்ந்துவிட்டது. எங்காவது மேடாக நின்றால் கழற்றிவிட்டு வேறு லாக் போடுங்கள். வலது பக்க லாக்கையும் இதேபோலச் சோதித்துவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது இந்த வேலை செய்வதானால், ஒரு பக்க லாக்கை மேஜையிலேயே பிஸ்டனில் மாட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கம் செயின் பக்கமாக இருக்கட்டும். வண்டியில் மாட்ட வேண்டியது வலது பக்கத்து ஒன்று மட்டும்.


ஆயில்_சீல்:

ஸ்பேனர் அண்ணா சொன்னதோடு சில்லறை விஷயங்கள். பிஸ்டன் தலையில் ஐஎன் என்ற குறி இன்டேக் பக்கம், அதாவது இந்த இன்ஜினில் மேல்நோக்கி இருக்க வேண்டும். பிளாக் அடியில் உள்ள பிளாக்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் குழல் வடிவ டவல் பின் இரண்டும் அதன் இடத்தில் இருக்கிறதா பாருங்கள். பிளாக்கைத் தூக்கும்போது ஒன்று பிளாக்கோடு ஒட்டிப்போய்ப் பிறகு எங்காவது விழும், உங்கள் லாக்குக்கு நடந்தது இதற்கும் நடக்கலாம். ஆயில் வழியைச் சுற்றியுள்ள ஓ-ரிங் புதிதாக. பழைய பேஸ் கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அதன் துகள் உள்ளே விழாமல் துணி அப்படியே இருக்கட்டும், சுரண்டி முடித்த பிறகு அந்தத் துணியையும் மடித்தே எடுங்கள்.

மூடிய பிறகு பழைய ஆயிலை விடாதீர்கள், எப்படியும் கேஸ்கெட் துகள் கலந்திருக்கும். 10டபிள்யூ-30 ஆயில் 900 மில்லி பாட்டில் வாங்கி, முழுதையும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். டேப்பட் மூடிகளைத் திறந்து ராக்கர் மேல் இரண்டு மூன்று ஸ்பூன் ஆயில் விடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, முதல் சில சுற்றுகள் கிக்கரைக் கையால் மட்டும் அழுத்துங்கள். சத்தமோ தடையோ இல்லாமல் ஒரே சீராக வந்தால் பிறகு காலால் பத்துப் பதினைந்து கிக், அதன் பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட். புது ரிங் என்பதால் முதல் 300 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு முறை வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பொடி இருக்கும், அது ரிங் பதிவதால் வருவது. நகத்தில் நிரடும் அளவுக்குத் துண்டு எதுவும் வந்தால் வண்டியை எடுக்காமல் இங்கே படம் போடுங்கள்.